ருஷ்தியின் முதுகு

"அரிப்பு இருக்கா ஹாஜி?" என்று நர்ஸ் இப்திஹால் கேட்டாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் ருஷ்தி.

"அதை நான் எழுத முடியாது. சைபர்ல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. சைபர்னா சுத்தமா இல்ல. பத்துன்னா தோலை உரிச்சு வீசிடலாம் போல இருக்குன்னு அர்த்தம்."

"சைபர், மகளே."

முதுகு பற்றி எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியின் விளிம்பில் நைசாகத் தேய்த்தபடியேதான் அந்தச் சைபரைச் சொன்னார்.

அலெக்ஸாந்திரியாவில் நோயாளியிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாலும் அல்ஹம்துலில்லாஹ், இறைவனுக்கே புகழ் என்றுதான் பதில் வரும். வலிக்கிறது என்று சொன்னால் ஆண்டவன் மேலேயே புகார் கொடுத்த மாதிரி. அது இப்திஹாலுக்குத் தெரியும். அதனால்தான் நம்பர் கேட்டாள். ஆனால் ருஷ்தி சொன்னது பக்தியில் வந்த பதில் அல்ல. அது பச்சைப் பொய்.

ருஷ்தி உத்தியோகக் காலம் முழுக்க ரம்ல் பாதையில் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் மனைவி இன்ஆம் போய்ச் சேர்ந்தாள். மகன் ஹாஸிம் கனடாவில். வெள்ளிக்கிழமை தோறும் போனில் முகம் காட்டுவான். பேரன் திரைக்குள் வந்து ஒரு பொம்மையைக் காட்டிவிட்டு ஓடிவிடுவான். மற்ற நாட்களில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு ஜீவன் கிடையாது.

கல்லீரலில் கொழுப்பு படிந்து இறுக ஆரம்பித்தபோதுதான், புது மருந்து ஒன்றைச் சோதிக்கும் இந்த ஆய்வில் டாக்டர் ஷஹீரா அவரைச் சேர்த்துக்கொண்டாள். அவருக்குப் புரிகிற மாதிரியே விளக்கினாள்.

"டிராம்ல மணி அடிச்சா நீங்க நிறுத்துவீங்கல்ல? கல்லீரல்லயும் அப்படி ஒரு மணி இருக்கு. நாம சாப்பிட்டதும் பித்தநீர் வந்து அதை அழுத்தும். 'கொழுப்பு போதும், நிறுத்து'ன்னு சேதி போகும். உங்களுக்குப் பித்தநீர் அழுத்தறது போதல. இந்த மாத்திரை ஓங்கி அழுத்தும். அரிப்பு வரலாம், வந்தா மறைக்காம சொல்லணும். ஆனா பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரைதான். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் வயிற்றோடு போக வேண்டும். ரத்தம் எடுத்த பிறகு ஃபூல் என்கிற அவரைக்கொட்டை மசியல் வைத்த ரொட்டியும் தேநீரும் கொடுப்பார்கள். முந்தின நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவார் ருஷ்தி. அவர் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்க ஊரிலேயே அந்த ஓர் இடம்தான் இருந்தது. ரொட்டி தின்கிற நேரத்தில் பேச்சுத்துணையும் உண்டு. தமன்ஹூரிலிருந்து ரயிலேறி வரும் சவரக்கடைக்கார ஹலீம் ஒருவர். ஓய்வு பெற்ற பூகோள டீச்சர் மதாம் துரையா இன்னொருவர்.

"அரிப்பு வந்தவனுக்குத்தான் நிஜ மாத்திரை," என்பார் ஹலீம். "எனக்குக் கொசு கடிச்ச அளவுகூட இல்ல. மாவைத் தின்னுட்டுப் போகத்தான் மாசாமாசம் ரயில் ஏறி வர்றேன் டீச்சர்."

"மாவுக்கா வர்றீங்க? ஓசி ஃபூலுக்கு வர்றீங்க," என்று துரையா வாரிவிடுவாள். வீட்டில் தொண்டையைக் கனைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் ருஷ்தி, இங்கே வாய்விட்டுச் சிரிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை துரையா தனக்கு எட்டு என்று சொன்னாள். அடுத்த மாதம் அவள் வரவில்லை. ருஷ்தி இப்திஹாலிடம் விசாரித்தார்.

"மத்த நோயாளியைப் பத்தி நான் வாயே திறக்கக்கூடாது ஹாஜி. தப்பா நினைச்சுக்காதீங்க."

"எட்டுன்னு உண்மையைச் சொன்னாங்க, சீட்டைக் கிழிச்சு வெளிய அனுப்பிட்டாங்க," என்றார் ஹலீம். "வேறென்ன?"

ருஷ்திக்கு அரிப்பு தொடங்கியது அதற்குப் பிறகுதான். முதலில் உள்ளங்கை, பிறகு பாதம், கடைசியில் முதுகு. மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து வளைத்தாலும் எட்டாது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். அப்படி ஓர் இடம் உடம்பில் இருப்பதே அவருக்கு இத்தனை நாள் தெரியாது. இன்ஆம் இருந்தவரை, தோளை லேசாக அசைத்தால் போதும், அவள் விரல் அங்கே வந்துவிடும். இப்போது மரக்கரண்டியால் சொறிந்தார். கதவு நிலையில் தேய்த்துத் தேய்த்து அங்கே சாயம் போய்விட்டது. பனியனில் ரத்தத் திட்டு விழுந்தது. அதை வெளியே காயப்போட வெட்கப்பட்டுச் சமையலறையிலேயே உலர்த்தினார். ஒரு மனிதன் தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள முடியாமல் கதவோடு மல்லுக்கு நிற்பதைவிடத் தனிமை வேறு என்ன இருக்கிறது?

ஒருமுறை சொல்லிவிடத்தான் வாயெடுத்தார். அதற்குள் இப்திஹால் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "என்ன ஹாஜி, இளைச்சுப் போயிட்டீங்க? ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியை இழக்க அவருக்கு மனம் வரவில்லை. சைபர் என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் ஆய்வு முடிந்தது. எல்லோரையும் ஒரே நாளில் வரச் சொன்னார்கள். டாக்டர் ஷஹீரா தன் அறையில் அவரை உட்கார வைத்துச் சிரித்தாள்.

"மப்ரூக் ஹாஜி, வாழ்த்துகள்! உங்களுக்கு நிஜ மாத்திரைதான் வந்திருக்கு. கல்லீரல் நல்லாவே இளகியிருக்கு. ஒரு தொந்தரவும் இல்லாம இவ்வளவு நல்லா ஆனது உங்களுக்குத்தான். இன்னும் ரொம்ப வருஷம் இருப்பீங்க."

"அடுத்து எப்ப வரணும் டாக்டர்?"

"இனி இங்க வரவே வேண்டாமே! உங்க பேட்டை ஆஸ்பத்திரியில காட்டினாப் போதும்."

இன்னும் ரொம்ப வருஷம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ருஷ்திக்குத் தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

நடையில் மதாம் துரையா நின்றிருந்தாள். நன்றாகச் சதை போட்டிருந்தாள். இப்திஹாலின் தோளில் கை போட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அட, உஸ்தா ருஷ்தி! உயிரோடதான் இருக்கீங்களா?"

"உங்களைத் துரத்திட்டாங்கன்னு ஹலீம் சொன்னார் டீச்சர்..."

"துரத்தறதா? அரிப்பு நம்பர் ஏழைத் தாண்டினா வாராவாரம் வரச் சொல்லிடுவாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தேன். இந்தப் பொண்ணுதான் எனக்கு முதுகுல களிம்பு தடவிவிடுவா. நடுவுல ரெண்டு தடவை போன் வேற பண்ணுவா, தூங்கினீங்களான்னு. எங்க ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல ஏழு பேர். ரவையில பஸ்பூசா இனிப்பு செஞ்சு கொண்டு வருவேன். நீங்க எங்க போனீங்க?"

ருஷ்தி இப்திஹாலைப் பார்த்தார்.

"ஏன் மகளே என்கிட்ட சொல்லல?"

"என்ன ஹாஜி சொல்லல?"

"அரிச்சா வாராவாரம் வரலாம்னு."

"அதை முன்னாடியே சொன்னா, வரணும்னே நம்பரைக் கூட்டிச் சொல்லுவாங்கன்னு எங்களைச் சொல்ல விடமாட்டாங்க." அவள் சிரிப்பு மெல்ல நின்றது. "நான் மாசாமாசம் கேட்டேனே ஹாஜி. ஒருதடவை இல்ல, ரெண்டு ரெண்டு தடவை கேட்டேனே."

ருஷ்தி கோட்டைக் கழற்றி, சட்டையை இடுப்பிலிருந்து உருவி முதுகுக்கு மேல் தூக்கி, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். எழுபது வயதுக்காரர், ஆள் நடமாடும் நடையில், பெண்கள் முன்னால். பின்னாலிருந்து இப்திஹாலின் குரல் கேட்டது.

"யா ரப்! என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க!"

ஆய்வு முடிந்ததால் களிம்பெல்லாம் பெட்டியில் கட்டி அனுப்பியாகிவிட்டது. அவள் வெறும் கையை அந்த இடத்தில் வைத்தாள். ரொம்பக் குளிர்ந்த கை. ருஷ்தி நெற்றியைச் சுவரில் சாய்த்து, சத்தம் வராமல் அழுதார்.

"கவலைப்படாதீங்க ஹாஜி," என்றாள் அவள், சட்டையைக் கீழே இழுத்துவிட்டபடி. "மாத்திரையை நிறுத்தியாச்சுல்ல. கொஞ்ச நாள்ல தானா அடங்கிடும். அதுக்காக நீங்க எங்கேயும் அலைய வேண்டியதில்ல."

அதுதான் ருஷ்திக்குப் பயமாக இருந்தது.