நண்டாரும் ஓசையற்ற தலையாட்டலும்

மலைகள் கைகோத்துக் காக்க, அவற்றின் மடியில் ஆழ்ந்து கிடக்கும் திருகோணமலை உள்துறைமுகத்தின் நீலநீர் மாலைக்கதிர் பட்டுப் பொற்குழம்பெனத் தளும்ப, ஆங்கிலேயக் கடற்படையார் தளத்தைக் கையளித்துவிட்டுத் தட்டுமுட்டுகளைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த அவ்வாண்டின் ஒருநாள், ஓர்ஸ் ஹில் என்னும் குன்றின் சரிவிலிருந்த ஓட்டுவீடொன்றின் கூடத்தில் ஊர்ச்சிறுவர் யாவரும் கற்சிலைகளெனச் சமைந்து வீற்றிருந்தனர். பிறர் வேலிக்கு மேலாக எட்டிப்பார்ப்பது எமக்கு வழக்கமன்று. வேலி தாழ்ந்திருந்தமையின் பார்வை தானே விழுந்தது, அவ்வளவே.

அவ்வீட்டுக்குரியவர் நோரா அம்மையார். அயர்லாந்தின் மழை ஓயாத மேற்குக் கரையில் பார்வையின்றிப் பிறந்து, அலையோசையே அரிச்சுவடியாகக் கவிதை பயின்று, தம் நாட்டுக் குழந்தைகள் தாள் கிழியக் கிழியப் படித்த பாட்டுநூல்கள் பல யாத்தவர். துறைமுகப் பணிக்கு வந்த தம்பியாருடன் இவ்வூர் சேர்ந்து, மீன்காரரிடமும், இடியப்பம் விற்கும் அயல்வீட்டுப் பரீதாவிடமும் செவிவழியே தமிழ் கற்று, அத்தமிழிலேயே குழந்தைகளுக்கொரு நூல் பாடி முடித்தவர். மீன்காரர் கற்பித்த சொற்களுட் சில அச்சேறத் தகாதன. அவற்றைப் பரீதா களைந்தாள் என்பர். தம்பியாரோ மறுநாள் தாயகம் மீள்கின்றார். இங்குள்ள பிள்ளைகள் தம் பாட்டுக்குச் சிரித்தால் தங்குவது, சிரியாவிடின் நூலைக் கடலுக்கு ஈந்து தாமும் கப்பலேறுவது என அம்மையார் உறுதி பூண்டிருந்தார். இதனை ஊரில் எவரும் அறியார். யாம் அறிந்த வகையைக் கேளற்க.

ஊர்ப்பெருமையைத் தம் தோளில் தாமே ஏற்றிக்கொண்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாக்கியரத்தினம், பிரம்பும் கையுமாய் முன்னமர்ந்து, "துரைசானி அம்மாவுக்கு முன்னால ஆரும் பல்லைக் காட்டினியள் எண்டா, தோலை உரிப்பன்!" என்று முன்னரே முழங்கியிருந்தார். கந்தோர் என்னும் அலுவலகத்துக்குப் போன நண்டைப் பற்றி அம்மையார் பாடினார்:

"நண்டார் கந்தோர் போனாராம்,
பக்கம் பக்கம் நடந்தாராம்;
'நேரே நடடா' என்ற துரையின்
மூக்கைப் பிடித்துத் தொங்கினாராம்!
தொங்கிக் கொண்டே சொன்னாராம்:
'ஐயா, இப்ப நேரே போறன்!'"

சிறுவர் கை முட்டியை வாயிற் செருகினர். பரீதா முக்காட்டில் பாதியை விழுங்கினாள். கண்ணீர் பெருகியதேயன்றி ஓசை எழவில்லை. "பிடிச்சுதோ பிள்ளையள்?" என்று அம்மையார் வினவ, அனைவரும் ஒருங்கே தலையை ஆட்டினர். தலையாட்டலுக்கு ஓசை இல்லை என்பதை அவ்வவையில் ஒருவரும் எண்ணிற்றிலர்.

அம்மையார் முகம் வாடிற்று. "சரி. என்ர பாட்டு சரிவரேல்ல. நாளைக்குத் தம்பியோட நானும் போறன். மாஸ்டர், இந்தப் பாட்டுக்கட்டைக் கடலில போட்டுவிடுங்கோ."

"யா அல்லாஹ்! மாஸ்டர், சிரிக்க விடாம வெச்சது நீங்கதானே? நாங்க தலையாட்டுறது அவவுக்குத் தெரியுமா?" என்று பரீதா வெகுண்டாள்.

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கு, பிள்ளை," என்றவாறு எழுந்த ஆசிரியர், அவையடக்கத்துடன் தொண்டையைச் செருமி, "அம்மா, உங்கட பாட்டு மிகத் திறம். அதிலயும் அந்த நண்டு மூக்கில தொங்கிக்கொண்டு, ஐயா, இப்ப... இப்ப நேரே..." என்ற அளவில், மடையுடைத்த குளம்போல் அவர் வாயினின்றும் வெடித்த சிரிப்பின் விசையில், கட்டிய பற்கள் வரிசையோடு பறந்து தரையில் விழுந்து உருண்டன.

"அதென்ன சத்தம்?"

"மாஸ்டரின்ட பல்லு!" என்று கூவிய சிறுவரின் நகைப்பொலி குன்றைக் குலுக்கிற்று. யாவரினும் நெடிது நகைத்தவர் அம்மையாரே.

கப்பல் தம்பியாரை மட்டும் சுமந்து சென்றது. அம்மையார் தம் இறுதிநாள் வரை இவ்வூரிலேயே பாடி வாழ்ந்தார். அன்று தமக்கு வந்தது இருமலே என ஆசிரியர் ஈறுவரை மறுத்தார். யாமும் பணிவுடன் தலையாட்டினோம். பணிவு நன்றே, கற்றறிந்தீர்! ஆயினும், கேட்கும் செவி உள்ளபோது ஒலியாத உவகை, அச்செவி அடங்கியபின் எத்துணை முழங்கினும் என் பயன்?