ஞாயிற்றுக்கிழமை உபயம்

பிள்ளைகள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், இதுக்கு வரிசை மாற்றமா, சேர்மானமா?" மலேசியாவில் புஞ்சாக் ஆலாமில் கூடுதல் கணிதம் டியூஷன் எடுக்கிற நானும் வாய் வலிக்கச் சொல்வேன்: யார் எந்த இடத்தில் என்பது முக்கியமென்றால் வரிசை மாற்றம், யார் யார் என்பது மட்டும் போதுமென்றால் சேர்மானம். இதில் நானே தப்பு பண்ணுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நான் வாக்கப்பட்டு வந்த தோட்டக் குடியிருப்பில் மாரியம்மன் திருவிழா வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு நாளைக்கு ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய பூசையும் அன்னதானமும் அவர்கள் பொறுப்பு. இந்த வருடம் எங்களையும் சேர்த்து ஒன்பது குடும்பங்கள் கேட்டிருந்தன. திருவுளச் சீட்டுப் போட்டு மூன்றை எடுப்பார்கள். எனக்கு ஞாயிறுதான் வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி வாசுவுக்கு அன்று மட்டும்தான் லீவு. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டு விசேஷம் எதிலும் என் பக்கத்து ஆள் ஒருவர்கூட வந்து நின்றதில்லை. அந்தக் குறை என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

"மூணுல ஒரு வாய்ப்பு இருக்கு," என்றார் என் கணவர் குகன்.

"கிழிஞ்சது. முதல் சீட்டு வெள்ளி, ரெண்டாவது சனி, மூணாவது ஞாயிறு. வரிசை முக்கியம்ங்க. நம்ம பேரு சரியா மூணாவதா வரணும். ஒன்பதுல ஒன்னுதான்."

"இல்ல கங்கா, இங்க என்னன்னா..."

"கணக்கு நான் பாத்துக்கறேன் லா."

நான் வாசுவுக்குப் போன் போட்டு, ஒன்பதில் ஒன்றுதான், நம்பி டிக்கெட் எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். வைத்த பிறகு கொஞ்சம் அழுதேன்.

சீட்டுப் போட்ட அன்று கோயில் தலைவர் செல்லையா செம்பைக் குலுக்கி எடுத்தார். முதலில் சிவானந்தம் குடும்பம். அடுத்து நாங்கள். மூன்றாவது சோமு அண்ணன் வீடு. எல்லாரும் கை தட்டினார்கள். எங்களுக்குச் சனிக்கிழமை. என் முகம் தொங்கிப்போயிற்று.

பிறகுதான் கூத்து. மூன்று குடும்பத்தையும் மண்டபத்தில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். "சரி, யாருக்கு எந்த நாள் தோது? பேசிக்குங்க," என்றார் செல்லையா. இந்தக் கோயிலில் சீட்டு குடும்பத்தைத்தான் எடுக்குமாம். எந்த நாள் என்பதை அவர்களே பேசி வைத்துக்கொள்வார்களாம்.

"எனக்கு சனிதான் லா நல்லது," என்றார் சோமு அண்ணன். "ஞாயிறு சுங்கை பஞ்சாங் வயல்ல நெல்லு அறுப்பு மிஷின் ஓட்டணும்." சிவானந்தம் வெள்ளியே போதும் என்றார்.

சேர்மானம்! வெறும் சேர்மானம். பேர் விழுந்தாலே போதும்; யாரும் போட்டிக்கு வராவிட்டால் குகன் சொன்ன மூன்றில் ஒன்றேதான். குகனை முறைத்தேன்.

"நீங்க ஏன் சொல்லல?"

"எங்க சொல்ல விட்டே?"

சிரிப்பு வந்துவிட்டது. வெளியே ஓடிவந்து தம்பியை அழைத்தேன். "டேய் வாசு, ஞாயிறு நமக்குத்தான்டா! டிக்கெட் கிடைக்குமா பாரு."

"டிக்கெட்டா? நீ ஒன்பதுல ஒன்னுன்னு சொன்ன அன்னிக்கே எடுத்துட்டேன்க்கா."

"பேரு விழலேன்னா என்னடா பண்ணியிருப்ப?"

"விழலேன்னா என்ன? யாரு வீட்டு உபயமா இருந்தா என்ன, உன் பக்கத்துல நின்னு சோறு போடத்தானே வர்றேன்."