யாருக்குப் போட்ட லைட்

மூன்று தடமுள்ள நெடுஞ்சாலையில் மூன்றுமே தன் அப்பன் வீட்டுச் சொத்து என்று நினைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. தலை போகிற அவசரம்போலப் பறப்பார்கள். அடுத்த ஓய்விடத்தில் பார்த்தால் காலை நீட்டி உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்கள். லாரி ஷெட்டில் 'ஓரம்' என்று பெயர் வாங்கிய மனிதர் அந்த ரகம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியதில் அவர் ஓரத் தடத்தை விட்டு வெளியே வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். "ஓரம் வண்டியை ஓட்டுறானா, நிறுத்தி வச்சிருக்கானா?" என்று ஷெட்டில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. ஷெட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டி போகிற வண்டியின் நம்பரைக் குறிக்கிறார். ஏன் என்று கேட்டால் முதுகு வலி என்பார். முதுகுக்கு ஒன்றும் இல்லை. வலி வேறு இடத்தில் இருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் பழைய காரை எடுப்பார். தங்கையை ஏற்றிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் அதே நெடுஞ்சாலையில் போய், ஒரு தையற்காரர் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடுவார். தங்கை உள்ளே போய்வரும்வரை காரிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு வருஷமாக இதுதான் வழக்கம்.

அந்தத் தையற்காரருக்கு ஒரே மகள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தவள். அவளுடைய சின்னக் காரை நசுக்கியது தங்கையின் கணவர் ஓட்டிவந்த லாரி. அவரும் பிழைக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். அவர் காரியம் முடிந்த கையோடு தங்கை மன்னிப்புக் கேட்கக் கிளம்பிவிட்டாள்.

முதல் தடவை தையற்காரர் கதவைச் சாத்திவிட்டார். இரண்டாம் தடவை கதவைத் திறக்கவே இல்லை. மூன்றாம் தடவை அவள் ஜிப் பிய்ந்த பாவாடை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். தைக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். பேசாமல் கை நீட்டி வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து மாதம் ஒரு பை துணி போகிறது. அவளுடைய துணி தீர்ந்துபோய், இப்போதெல்லாம் அண்ணனின் சட்டைகளும் போகின்றன. அந்த மனிதர் கையால் திருப்பித் தைத்த காலரைத்தான் ஓரம் இன்றைக்கும் கழுத்தில் போட்டிருந்தார். போடும்போதெல்லாம் அது அவர் தொண்டையை அறுத்தது.

லாரிக்காரர்களிடையே ஒரு பழக்கம் உண்டு. லாரி நீளமான பிராணி. தன் வால் எங்கே முடிகிறது என்பது ஓட்டுகிறவனுக்குக் கண்ணாடியில் சரியாகப் பிடிபடாது. ஆகவே ஒரு லாரி இன்னொன்றைத் தாண்டும்போது, பின்தங்கியவன் முன்விளக்கை மின்னிக் காட்டுவான். உன் வால் என்னைத் தாண்டிவிட்டது, இனி என் தடத்துக்குள் வரலாம் என்று அர்த்தம். முன்னே போனவன் உள்ளே வந்ததும் பின்விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வான். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத மரியாதை இது. முகம் தெரியாத இரண்டு பேர் ஒருத்தன் உயிரை ஒருத்தன் கவனித்துக்கொள்கிற மரியாதை.

ஓரமும் தங்கையின் கணவரான மாப்பிள்ளையும் ஒரே ஷெட்டில் நண்பர்களாக இருந்து, பிறகு உறவானவர்கள். ஒரே ஊருக்குச் சரக்கு என்றால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவார்கள். ஒருவர் லைட் போடாமல் மற்றவர் உள்ளே வந்ததில்லை. "நீ லைட் போட மறந்தேன்னு வை, நடுத் தடத்துலயே போய்க் கடல்ல இறங்கிடுவேன் நான்" என்பார் மாப்பிள்ளை. அது வெறும் கேலி இல்லை. அவ்வளவு நம்பினார்.

அன்றைக்கு மதியம் மூன்று மணி, தூறல். மேடு ஏறுகிற இடம். ஓரத்தின் லாரியில் தரைக்குப் பதிக்கும் ஓடு, பாரம் அதிகம். மாப்பிள்ளை வண்டியில் காகிதச் சுருள். அவர் நடுத் தடத்தில் வந்து மெதுவாகத் தாண்டிக்கொண்டிருந்தார். அதே நேரம் பக்கத்து ஊர்ச் சாலை வந்து சேரும் இடத்தில் ஒரு சின்னக் கார், உள்ளே வர இடம் கிடைக்காமல் தவித்தது. ஓரம் வேகத்தைக் குறைத்தார். வாம்மா என்று லைட்டை மின்னினார். காரும் வந்தது.

லைட்டில் யார் பேரும் எழுதியிருக்காது. மாப்பிள்ளை கண்ணாடியில் பார்த்தார். மச்சான் லைட் போட்டுவிட்டான், வால் தாண்டிவிட்டது. அவரும் வந்தார். இந்தப் பக்கமிருந்து காரும் அந்தப் பக்கமிருந்து லாரியும் ஒரே இடத்துக்குள் வந்ததைத் தன் முன்கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஓரம் முழுசாகப் பார்த்தார். ஹாரனை அழுத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரணையில் அவரிடம் எட்டுக் கேள்வி கேட்டார்கள். என்ன வேகம், எவ்வளவு தூரம், மழை எப்படி. லைட் போட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. "திடீர்னு உள்ள வந்துட்டாரு" என்று சொன்னார். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கண்ணாடியைப் பார்க்காமல் தடம் மாறியதே விபத்துக்குக் காரணம் என்று எழுதி முடித்தார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று முதல் வருஷம் தன்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் வருஷம் அந்தச் சமாதானமும் செல்லவில்லை. தங்கை ஒவ்வொரு மாதமும் மடியில் துணிப்பையுடன் பக்கத்தில் உட்காரும்போது வார்த்தை வாய்வரைக்கும் வரும். வந்து திரும்பிப் போய்விடும். சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தார். அவரைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. அவருக்கும் அப்படித்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக இருந்தது. ஓரத் தடத்தில் அறுபதில் போய்க்கொண்டிருந்தார்கள். தங்கை பையிலிருந்த சட்டையை மடித்து வைத்துக்கொண்டே பேசினாள்.

"போன மாசம் அவரு எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு, தெரியுமா?"

"அப்படியா?"

"சர்க்கரை போட மறந்துட்டாரு. நானும் சொல்லல. குடிச்சிட்டு வந்துட்டேன்."

"வேற என்ன சொன்னாரு?"

"எப்பவும் சொல்றதுதான். 'உங்க வீட்டுக்காரரு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்'னு. திட்டறதில்ல. ஊசியில நூலைக் கோத்துக்கிட்டே சொல்லுவாரு."

அப்போது ஒரு நீண்ட லாரி அவர்களைத் தாண்டிப் போனது. வால் தாண்டிய பிறகும் உள்ளே வராமல், பக்க விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நடுத் தடத்திலேயே காத்திருந்தது.

"லைட் போடேன், அண்ணா. பாவம், உனக்காகத்தான் பார்த்துக்கிட்டிருக்கான்."

அவர் கை விளக்குக் குமிழ்வரை போனது. அதற்கு மேல் அசையவில்லை. லாரி இன்னும் கொஞ்ச தூரம் அப்படியே போய், தானே பார்த்து, தயங்கித் தயங்கி உள்ளே வந்தது. நன்றி சொல்லவில்லை. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை.

"முன்னெல்லாம் எல்லாருக்கும் போடுவியே."

"ம்."

"எப்போ நிறுத்தினே?"

அவள் முன்பக்கம் பார்த்தபடிதான் கேட்டாள். அதட்டலாகக் கேட்கவில்லை. ஆனால் இனி முதுகு வலி என்று சொல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்தது.

"அன்னைக்கு நான் லைட் போட்டேன்மா" என்றார். "அந்தக் கார் உள்ள வரட்டும்னு போட்டேன். மாப்பிள்ளை தனக்குன்னு நினைச்சுட்டாரு. அவரு மேல தப்பே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல."

தங்கை சட்டையை ஒரு தடவை பிரித்து, மறுபடி மடித்தாள்.

"தெரியும்" என்றாள்.

கார் அதே அறுபதில் போய்க்கொண்டிருந்தது. நெடுஞ்சாலையில் அழுவதற்குக்கூட வண்டியை நிறுத்த முடியாது. அவர் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாள் சொன்னாரு. 'உங்கண்ணன் லைட் போட்டான், நான் வந்தேன். அது எனக்குப் போட்டதில்லைன்னு வந்த பிறகுதான் தெரிஞ்சுது. அவன்கிட்ட நீ எதுவும் கேக்காத, அவனாவே வந்து சொல்லுவான்'னாரு." அவள் குரல் அங்கே கொஞ்சம் உடைந்தது. "ரெண்டு வருஷம் ஆச்சு, அண்ணா. ஒவ்வொரு மாசமும் கார்ல ஏறும்போது இன்னைக்குச் சொல்லுவே, இன்னைக்குச் சொல்லுவேன்னு உட்கார்ந்திருப்பேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா."

"கேக்காதன்னு சொல்லிட்டுப் போனாரே. உன்மேல அவ்வளவு நம்பிக்கை அவருக்கு. நான் கேட்டு நீ சொன்னா அந்த நம்பிக்கைக்கு என்ன மரியாதை?"

தங்கை மடித்த சட்டையைப் பைக்குள் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"நான் அங்க போய்த் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறது என் வீட்டுக்காரருக்காகன்னு நினைச்சியா? அவருக்கு எதுக்கு மன்னிப்பு? உனக்காகத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். எனக்குக் கோபம் இல்லைன்னு நினைச்சுடாத. நிறைய இருக்கு. பொண்டாட்டியா நினைச்சா உன் முகத்துல முழிக்கவே கூடாது. தங்கச்சியா நினைச்சா விட முடியல."

திருப்பம் வந்தது. முன்கூட்டியே பக்க விளக்கைப் போட்டு, வேகம் குறைத்து, பின்னால் வருகிறவனுக்குத் தொந்தரவு இல்லாமல் இறங்கினார். எத்தனை கலங்கினாலும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. தெருமுனையில் வழக்கமாக நிறுத்துகிற இடத்தில் நிறுத்தவில்லை. நேராக வீட்டு வாசலுக்குப் போனார்.

"இன்னைக்கு நானும் உள்ள வரேன்" என்றார்.

முன்னறை முழுவதும் துணி. ஜன்னல் ஓரம் தையல் மிஷின், அதன்மேல் சாக்பீஸ் துண்டுகள் போட்ட தகர டப்பா. சுவரில் பல் டாக்டர் கிளினிக்கின் வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டிருந்தாள் மகள். தையற்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஏறிட்டுப் பார்த்தார்.

"இவரு?"

"எங்கண்ணன்" என்றாள் தங்கை.

"ஓ. இந்தக் காலர் நான் திருப்பினது" என்றார், அவர் கழுத்தைப் பார்த்து. "நல்லா உட்கார்ந்திருக்கு. உட்காருங்க."

ஓரம் உட்காரவில்லை. தங்கை துணிப்பையை மேஜைமேல் வைத்தாள். தையற்காரர் சட்டையை எடுத்து விரித்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். ஊசியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நூல் முதல் தடவை நுழையவில்லை.

"நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கிட்டுச் சொல்லலம்மா" என்றார். "ஆனா உங்க வீட்டுக்காரரு ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்திருக்கலாம்."

"பார்த்தாருங்க" என்றார் ஓரம்.

தையற்காரரின் கை நின்றது.

"பார்த்தாரு. அதுல என் லைட் தெரிஞ்சுது. பின்னாடி வந்த லாரியை ஓட்டினவன் நான். நான் லைட் போட்டதைப் பார்த்துட்டுத்தான் அவரு உள்ள வந்தாரு. விசாரணையில நான் இதைச் சொல்லல. அவரு மேல எந்தத் தப்பும் இல்லீங்க."

தையற்காரர் ஊசியைப் பத்திரமாகப் பஞ்சில் குத்தி வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று ஓரம் எதிர்பார்த்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார்.

"எதுக்கு லைட் போட்டீங்க?"

"உங்க பொண்ணுக்குங்க. ரொம்ப நேரமா உள்ள வர முடியாம நின்னாங்க. வரட்டும்னு வழி விட்டேன்."

தையற்காரர் சுவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த சட்டையைப் பார்த்தார்.

"கையைத் தூக்கினாளா?" என்று கேட்டார்.

ஓரத்துக்கு முதலில் விளங்கவில்லை.

"வண்டி ஓட்டப் பழகும்போது நான்தான் சொன்னேன். வழி விட்டவங்க யாரா இருந்தாலும் கையைத் தூக்கி ஒரு நன்றி சொல்லணும்னு. ஒரு நாளும் மறக்க மாட்டா." அவர் சட்டைக் கையை விரலால் நீவினார். "அன்னைக்குத் தூக்கினாளா?"

இரண்டு வருஷமாகக் கண்ணை மூடினால் ஓரத்துக்குத் தெரிவது அதுதான். தூறலில் நனைந்த பின்கண்ணாடி வழியே, ஐந்து விரலும் விரித்து ஒரு கை. அதை யாரிடமும் சொல்லியதில்லை. தங்கையிடம்கூட இன்றைக்குச் சொல்லவில்லை.

"தூக்கினாங்க" என்றார். "நானும் பதிலுக்குத் தூக்கினேன்."

தையற்காரர் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு தடவை ஆட்டினார். அப்புறம் அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். அது ஓரத்தின் சட்டை என்பது அப்போது யாருக்கும் நினைவில் இல்லை.