மஞ்சள் பூசிய கல்

நார்வேயில் மூன்று மலைகளைக் குடைந்து சாலை போட்ட இன்ஜினியர் பரந்தாமன், கே.ஜி.கண்டிகையில் ஓர் இரண்டடிக் கல்லின் முன்னால் திருதிருவென்று விழித்தபடி நின்றார்.

புறவழிச்சாலைக்காக நட்ட கல் அது. அவருடைய அக்கா தாயாரம்மாளின் கிணற்றை ஒட்டி நின்றது. அதன் வழியே ரோடு வந்தால் கிணறு போச்சு.

"ஊரான் நாட்டுல முப்பது வருசமா ரோடு போட்டுக்கினு கீற. அக்காவுக்காக ஒரு ரோட்டைத் தள்ளிப் போட மாட்டியா?" என்று அவள் போனில் அழுததால்தான் லீவு போட்டு வந்தார். திருத்தணி ஆபீசில் மூன்று நாள் வரைபடத்தை விரித்து உட்கார்ந்தார். ரோட்டை இருபது மீட்டர் தள்ளச் சொல்லிக் கேட்டார்; புடவைக்கடைப் பேரம் மாதிரி பன்னிரண்டில் படிந்தது. இனி இந்தக் கல்லைப் பிடுங்கிப் பக்கத்துப் புறம்போக்கில் நட்டால் கிணறு தப்பும்.

கடப்பாரையோடு வந்த மேஸ்திரி குமரேசன், கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினான். கல்லுக்கு மஞ்சள், குங்குமம், வேப்பிலை, தலையில் ஓர் எலுமிச்சம்பழம்.

"யாரு செஞ்சதுக்கா இது?" என்று பக்கத்தில் நின்ற அக்காவைக் கேட்டார் பரந்தாமன்.

"நான்தான். கெணத்தைக் காப்பாத்துன்னு வேண்டிக்கினேன். நீ வந்து நிக்கிற பாரு!"

"கெணத்தை முழுங்க வந்ததே இந்தக் கல்லுதான்க்கா. புடுங்கினாத்தான்..."

"சாமியைப் புடுங்குவியா? வாயைக் கழுவுடா!"

"கெணறு வேணுமா, சாமி வேணுமா?"

"ரெண்டும் வேணும். நீதானே இன்ஜினியரு?"

எந்த மலையும் அவரிடம் இப்படி எதிர்த்துப் பேசியதில்லை. குமரேசன்தான் வழி சொன்னான்: "இது இங்கியே இருக்கட்டும் சார். அங்க புதுக்கல்லு நட்டுடறேன். மஞ்சள் இல்லாத கல்லுதான் ரோட்டுக்கல்லுன்னு நம்ம ஆளுங்களுக்கு சொல்லிடறேன்."

மறுநாள் காலை, சுண்ணாம்புக்கோடு போட வந்த ஆட்கள் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார்கள். இரண்டு கல்லிலும் மஞ்சள்.

"அக்கா!"

"ஒண்ணுக்குச் செஞ்சி ஒண்ணை விட்டா அது கோச்சுக்காதாடா?"

"ரெண்டும் சாமின்னா நாங்க பழைய மேப்புபடிதான் போடுவோம்மா" என்று ஒருவன் கிணற்றுப் பக்கம் கை காட்டினான்.

தாயாரம்மாள் கிணற்றைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். தம்பி அவளைவிடக் குழம்பிப்போய் நின்றிருந்தார். விறுவிறுவென்று புதுக்கல்லிடம் போனாள். முந்தானையை நனைத்து மஞ்சளை அழுந்தத் துடைத்தாள்.

"கோச்சுக்காத தாயே. நீ ரோடாவே இரு."