காவேரி வாயே திறக்கலை

என் வாயைப் பத்தி எங்க பிள்ளைப்பாக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. ஒரு விஷயம் காதுல விழுந்துட்டா, அதை யார்கிட்டயாவது சொல்ற வரைக்கும் எனக்கு மூச்சு முட்டும். அப்பேர்ப்பட்ட நான் கம்பெனி ஹெச்.ஆர். வேலையை விட்டுட்டு, தபால்ல சைக்காலஜி படிச்சு, மேற்கொண்டு பயிற்சியும் முடிச்சு, ஒரகடத்துல ஒரு மாடி ரூம் பிடிச்சு, 'காவேரி மனநல ஆலோசனை மையம்'னு போர்டு மாட்டினா ஊரு சும்மா இருக்குமா?

என் வீட்டுக்காரர் ராமச்சந்திரனே சிரிச்சார். "ஊரே வந்து உன்கிட்ட ரகசியம் சொல்லும். நீ கேட்டுக்கினு கம்முனு இருப்ப. நடக்கட்டும், நடக்கட்டும்."

மாடிப்படிக்குக் கீழயே கிளியம்மா அத்தையோட டீக்கடை. எங்க அப்பாவுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. போர்டு மாட்டின அன்னிக்கே டீ ஆத்திக்கினே எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லிச்சு: "காவேரி கைல சொன்னா அது படப்பை வரைக்கும் போய்க்கினே இருக்கும். இவகிட்ட எவன் வந்து மனசத் தொறப்பான்?"

கோவம் கோவமா வந்துச்சு. ஆனா அத்தை வாய் முகூர்த்தம், ஒரு ஈ காக்கா வரலை. நானும் டேபிள் ஃபேனும்தான். ஒருத்தர் ஏறி வந்தார், ஜெராக்ஸ் எடுக்கணும்னு. "தீபாவளி வரைக்கும் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா ரூமைக் காலி பண்ணிட்டு பழைய கம்பெனிக்கே போறேன்"னு வீட்ல வாயை விட்டுட்டேன்.

அப்போதான் உச்சிமாகாளி வந்தான். சாத்தான்குளம் பக்கம். கார் பார்ட்ஸ் கம்பெனியில விடியக்காலை ஏ ஷிப்ட் முடிச்சு யூனிபார்மோடயே வந்து நின்னான். வெளியூர்க்காரன், என் வாயோட பெருமை அவனுக்குத் தெரியாது. உக்காந்ததும் கண்ணு கலங்கிடுச்சு.

"எம் பொண்டாட்டிக்கு என்னையப் பிடிக்கலக்கா. கொலுசைக் கழட்டிட்டா."

கல்யாணத்துக்கு இவன் வாங்கிப் போட்ட கொலுசாம். அவளுக்கு சீட் கவர் தைக்கிற கம்பெனி, பி ஷிப்ட். பாதி ராத்திரிதான் வீட்டுக்கு வருவா. "முன்னெல்லாம் அவ படியேறுத சத்தம் தூக்கத்துலயும் கேக்கும். அதக் கேட்டாத்தான் எனக்கு நிம்மதி. இப்ப சத்தமே இல்ல. காலையில பாத்தா கொலுசு ஆணியில தொங்குது."

"ஏன்னு கேக்கலியா?"

"எங்க கேக்க? நான் எந்திரிக்கையில அவ அசந்து தூங்குதா. பாவம், எழுப்ப மனசு வரல. லைட்டுகூடப் போடாம இருட்டுக்குள்ளயே உடுத்திட்டுப் போயிருவேன். போன வாரம் சட்டையத் திருப்பிப் போட்டுட்டுப் போயி, லைன்ல அத்தன பேரும் சிரிச்சானுவ."

ஞாயித்துக்கிழமை பேசலாமேன்னா, அன்னிக்கும் இவனுக்கு ஓ.டி. ஒரே ரூம்ல குடியிருந்துக்கிட்டு ரெண்டு பேரும் முழிச்சு முகம் பாக்குற நேரமே கிடையாது. பேசி அனுப்பினேன். முதல் ஆளு வந்த சந்தோஷத்துல அன்னிக்கு நானே கேசரி கிண்டினேன்.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில, ஒரு பொண்ணு வந்தா. பேரு செல்வலட்சுமி. துப்பட்டா முனையை முறுக்கிக்கிட்டே ஆரம்பிச்சா. "எங்க வீட்டுக்காரவுகளுக்கு எம் மூஞ்சியப் பாக்கவே இஷ்டமில்லக்கா. வெடியுமுன்ன எந்திரிச்சு, லைட்டக்கூடப் போடாம, திருடன் மாதிரி போயிருதாவ."

எனக்குச் சுருக்குன்னுச்சு.

"நானாவது அவுக தூக்கம் கெட்டுறக் கூடாதுன்னு கொலுசக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுல்லா படியேறுதேன். அவுகளுக்கு அந்த நெனப்பே இல்லியே! தீபாவளிக்கு ஊருக்குப் போனா திரும்பி வர மாட்டேன். எங்க அம்மைகிட்டச் சொல்லிட்டேன்."

அடி என் ராசாத்தி! பாட்டில் தண்ணியை மடக்கு மடக்குன்னு குடிச்சேன். இல்லன்னா அப்பவே கொட்டியிருப்பேன். அவ தூங்கட்டும்னு இவன் லைட் போடலை, இவன் தூங்கட்டும்னு அவ கொலுசு போடலை. ஒரே ஒரு வார்த்தை சொன்னா ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதிருப்பாங்க. ஆனா இந்த ரூம்ல பேசினது இந்த ரூமைத் தாண்டாதுன்னு ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்திருக்கேனே!

எனக்குப் பாடம் எடுத்த பிரவீனா மேடத்துக்குப் போன் போட்டு, பேரு ஊரு சொல்லாம கேட்டேன். "ரெண்டு பேரையும் சேர்ந்து வரச் சொல்லிப் பாருங்க. வரமாட்டேன்னா ஒருத்தரை வேற ஆள்கிட்ட அனுப்புங்க. ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்கு உங்க வாயால தெரியக்கூடாது"ன்னாங்க.

கேட்டுப் பாத்தேன். "அய்யய்யோ, நான் இங்க வாரது தெரிஞ்சா என்னைய லூசுன்னு நெனச்சிருவா"ன்னு அவன் எழுந்தே நின்னுட்டான். "எனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுன்னு நெனச்சிருவாவ"ன்னு அவ காதைப் பொத்திக்கிட்டா. வேற ஆள்கிட்டப் போறியான்னா, மாட்டவே மாட்டேன்னு ரெண்டு பேரும் ஒரே பிடிவாதம். தீபாவளியோ கிட்ட வந்துடுச்சு.

அந்த நாளுங்க இருக்கே, அப்பப்பா! சாப்பாடு இறங்கலை. வீட்ல பேச வாயைத் திறந்தா இது வந்து விழுந்துடுமோன்னு பயம். ராமச்சந்திரன் என் நெத்தியைத் தொட்டுப் பாத்தார். "இன்னாம்மா, வூட்ல சத்தமே இல்ல? டாக்டராண்ட போலாமா?"

அடுத்த தடவை உச்சிமாகாளி வந்தப்போ பொறுமை போய் முன்னாடி நகர்ந்து உக்காந்தேன். "ஏன் லைட் போடலைன்னு அவகிட்ட என்னிக்காவது சொல்லியிருக்கியா?"

"அதச் சொல்லணுமாக்கும்? அவளுக்கே தெரியுமே."

"தெரியாது!"

சொன்னதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். அவன் முழிச்சான். "அதாவது, தெரியுமா தெரியாதான்னு உனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் தூக்கம் கெட்டா யாரும் செத்துட மாட்டாங்க. லைட்டைப் போடு. எழுப்பு. கேளு"ன்னு சமாளிச்சேன். மறுநாள் செல்வலட்சுமிகிட்டயும் அதையேதான் சொன்னேன்: "ஊருக்குக் கிளம்புற முன்னாடி ஒரு வாட்டி அவரை எழுப்பிக் கேட்டுடு."

அந்த வாரக் கடைசியில காலையில கடை முன்னாடி ஒரே சத்தம். எட்டிப் பாத்தா, உச்சிமாகாளி லுங்கியோட நிக்கிறான். பக்கத்துல செல்வலட்சுமி. அழுது வீங்கின முகம், ஆனா பல்லெல்லாம் தெரியுது. கால்ல கொலுசு!

"எக்கா! நீங்களும் ஒரு மனுசியா?" ரோட்டுல நின்னே கத்தினான். "விடிய விடியப் பேசினோம். கம்பெனி பஸ்ஸே போயிட்டு. ஒரு அக்கா கேக்கச் சொன்னாவன்னு இவ சொல்லுதா, நானும் அதையே சொல்லுதேன். எந்த அக்கான்னு பாத்தா ரெண்டும் நீங்க! எம் பொண்டாட்டி இங்க வாரான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியளா?"

"எங்கிட்ட மட்டும் சொன்னாவளாக்கும்?" செல்வலட்சுமி சிரிப்பும் அழுகையுமா அவன் தோள்ல ஒண்ணு போட்டா. "ஊருக்கு ரெண்டு டிக்கெட்டாப் போட்டாச்சுக்கா. போயிட்டுச் சேர்ந்து திரும்பி வந்துருவோம்."

அவங்களே நடுரோட்டுல நின்னு அத்தனையும் சொன்னாங்க. யார்கிட்ட வேணா சொல்லுங்கக்கான்னு எனக்கும் அனுமதி கொடுத்தாங்க. இல்லன்னா உங்ககிட்ட இவ்வளவு பேசியிருப்பேனா? எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு. சந்தோஷத்துலதான். வேற எதுலயாம்?

டீ குடிக்க வந்தவங்க கிளாஸைக் கையில வெச்சுக்கிட்டு வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தாங்க. கிளியம்மா அத்தை ஆத்துறதை நிறுத்தி என்னையே பாத்துச்சு. "கட்டின புருசன் கைலயே பொண்டாட்டி கதைய சொல்லலியா இவ? நம்ம காவேரியா?"

அவங்க போனதும் அத்தை தன் மகன் பொண்டாட்டியைக் கல்லாவுல உக்கார வெச்சுச்சு. முந்தானையில கையைத் துடைச்சுக்கினு, முழங்காலைப் பிடிச்சுக்கினு ஒவ்வொரு படியா ஏறி வந்துச்சு.

"இன்னா அத்தை, டீ எடுத்தாந்தியா?"

"டீ இல்லடி. கதவச் சாத்து."

சாத்தினேன். ரொம்ப நேரம் பேசிச்சு. நடுவுல அழுதுச்சு, கடைசியில சிரிச்சுச்சு. இறங்கிப் போறப்போ என் கன்னத்தை வழிச்சுத் திருஷ்டி முறிச்சிட்டுப் போச்சு.

"அத்தை இன்னா சொல்லிச்சு?"ன்னு ராத்திரி சோறு போடறப்போ ராமச்சந்திரன் கேட்டார்.

"ரசம் ஊத்தட்டுமா?"ன்னேன்.