டீச்சர் ஆல்மிராவின் கல்

“அந்தக் கல்லைக் கொடுங்க சார்.”

கேட்டேவிட்டாள் வெர்லின். வெளியே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் அம்மா இனெஸின் கையிலிருந்து தரைத்துணி நழுவி வாளிக்குள் விழுந்தது. மகள் இந்தப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே இனெஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். “சம்பளம் கூட்டிக் கேளு, லீவு கேளு, வேணும்னா அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிற நாற்காலியையே கேளு. அந்தக் கல்லை மட்டும் வாயைத் திறந்து கேட்டுடாத.”

ஏன் என்று கேட்டால் பதில் வராது. பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

பள்ளிக் குழுத் தலைவர் ஆஸ்பர்ட் ஸ்டீல் நிமிரக்கூட இல்லை. சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தப் படகில் எவ்வளவு கள்ள ரம் என்று மோப்பம் பிடித்த மூக்கு இன்னும் அதே விறைப்போடு இருந்தது. நிதானமாக ஒரு வாய் தேநீர் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். வைத்தது அந்தக் கல்லின் மேல்தான்.

கல் என்றால் கல்லறைக் கல். தலைவரின் அறையில் இரண்டு மரப்பெட்டிகள்மீது மல்லாந்து கிடந்தது. அதன்மேல் லேஸ் விரிப்பு, விரிப்பின்மேல் தேநீர்க் குடுவை, சர்க்கரைக் கிண்ணம், பிஸ்கட் டப்பா. பள்ளி வாசலில் ‘ஆல்மிரா குவாஷி பள்ளி’ என்று ஆள் உயரத்துக்கு நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். அந்த ஆல்மிரா குவாஷியின் பெயரைச் செதுக்கிய கல் இங்கே டீ மேசை. அவர் புதைந்திருக்கும் இடத்தில், கடற்கரைச் சங்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருப்பதோடு சரி.

கரீபியக் கடலின் இந்தக் கரியாக்கூ தீவில் செத்த கையோடு யாருக்கும் கல் நடுவதில்லை. குடும்பம் கொஞ்சம் நிமிர்ந்த பிறகு ஆடு அடித்து, ரம் ஊற்றிக் கல்லை நனைத்து, ஊருக்கே சோறு போட்டு நடுவார்கள். அதுவரை செத்தவர் உட்கார இடமில்லாமல் தெரிந்தவர்கள் கனவில் வந்து போய்க்கொண்டிருப்பார். டீச்சர் ஆல்மிராவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டது. அவரிடம் படித்தவர்கள்தான் ஒன்றுகூடிக் கல்லைச் செய்வித்தார்கள். ‘இந்தப் பள்ளியைத் தொடங்கியவர்’ என்று அதில் செதுக்கச் சொன்னார்கள். பள்ளிக்கு அவர் பெயரை வைத்தது போதாதா என்று பள்ளிக் குழு குறுக்கே விழுந்தது. பள்ளியைத் தொடங்கியது பாதிரியார், இந்த அம்மாள் அவருக்கு உதவியவர், அப்படித்தான் செதுக்க வேண்டும் என்றது. மாட்டோம் என்றார்கள் மாணவர்கள். தகராறு தீரும்வரை இங்கே இருக்கட்டும் என்று வைத்த கல், சண்டை போட்டவர்களெல்லாம் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேயே இருந்தது. லேஸ் விரிப்பு நடுவில் எப்போதோ வந்தது.

“நிறுவனர் நாளுக்குப் பள்ளி வரலாறு எழுதித் தரச் சொன்னேன்,” என்றார் ஸ்டீல். “கல்லைக் கேக்கச் சொல்லல.”

“எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தையே அடிச்சிட்டீங்க.”

“அது வரலாறா? பாதிக் கப்பலு, கரித்துண்டுன்னு ஏதோ மீன் சந்தைக் கதை.”

ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லும் கதை அது. கட்டுகிறவர் கையில் காசு தீர்ந்து, கடற்கரையில் பாதியில் நின்றுபோன ஒரு பாய்க்கப்பல். அதன் விலாக்கட்டைகளின் நிழலில் மீனவர் பிள்ளைகளை உட்காரவைத்தார் ஆல்மிரா. சிலேட்டு இல்லாததால் கப்பல் பலகையிலேயே கரியால் எழுதினார். கடைசியில் ஒருவழியாகக் கப்பல் கடலில் இறங்கியபோது, உள்பக்கம் முழுக்கப் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டோடுதான் டிரினிடாட் போய்ச் சேர்ந்ததாம். அதற்கு அப்புறம்தான் பாதிரியார் வந்தார். நாலு சுவர் எழுப்பிக் கூரை போட்டுக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் குழு அச்சடிக்கும் வரலாறு அந்தக் கூரையிலிருந்துதான் தொடங்கும்.

“எந்த ஊர்லயாவது கூரையைப் போட்டுட்டு அஸ்திவாரம் தோண்டுவாங்களா சார்?” என்றாள் வெர்லின்.

“பார்படோஸ் போய்ப் பட்டம் வாங்கினதும் வாய் நீண்டுபோச்சு.”

“வாய் முன்னாலயே நீளம்தான். எங்கம்மாவைக் கேளுங்க.”

வெளியே வாளி கடகடவென்று நகர்ந்தது. வாயை மூடு என்று அர்த்தம். வெர்லினுக்கு அந்த வாளியின் பாஷை சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்தத் தாழ்வாரத்தில் அம்மா துடைக்கத் துடைக்க, ஈரம் படாத மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். அவர்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

ஸ்டீல் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பார்க்கும்படி வைத்தார். அவளுடைய நிரந்தர நியமனம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

“விழா முடிஞ்ச மறுநாள் போடறதா இருந்தேன். கல்லு பேச்சை இதோட விட்டா இப்பவே போடறேன். சரி, ஒரு பேச்சுக்கு, நான் கல்லைக் கொடுக்கிறேன்னே வச்சுக்கோ. நீ எப்படி நடுவ? குடும்பத்து ஆள்தான் கல்லு நடணும். இந்த ஊர்ல பொறந்தவதானே, முறை தெரியாதா? அவங்களுக்கு நீ யாரு?”

அது முறைதான். குடும்பம் இல்லாதவர் நட்ட கல் ஒரு மழைக்குள் சாயும் என்று ஊரே நம்பியது. எவ்வளவு கோபம் இருந்தும் வெர்லினுக்கு அதை எதில் ஊன்றி நிற்பது என்று தெரியவில்லை. இனெஸ் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தபடி உள்ளே வந்து மகளின் முழங்கையைப் பிடித்தாள்.

“சின்னப் பொண்ணு, ஏதோ பேசிட்டா. மன்னிச்சிடுங்க சார். வாடி.”

“இருங்க மிஸ் இனெஸ்,” என்றார் ஸ்டீல். ஜெயித்துவிட்டதால் குரல் இளகியிருந்தது. “நான் ஒண்ணும் டீச்சர் ஆல்மிராவை மதிக்காதவன் இல்ல. உங்க பொண்ணும் தெரிஞ்சுக்கட்டும். நிறுவனர் நாளுக்கு முந்தின ராத்திரி, வருஷா வருஷம், என் கையாலே இந்தக் கல்லு மேல அவங்களுக்குத் தட்டு வைக்கிறேன். கோழிக் குழம்பு, பட்டாணிச் சோறு, வறுத்த ஈரப்பலா, ஒரு கிளாஸ் ரம். காலையில வந்து பார்த்தா தட்டு துடைச்சு வச்ச மாதிரி இருக்கும். அவங்க மனசு நிறைஞ்சுதான் சாப்பிடறாங்க.”

இனெஸ் மகளின் முழங்கையை விட்டுவிட்டாள். கூரையைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள்.

“அம்மா,” என்றாள் வெர்லின்.

“சார்,” என்றாள் இனெஸ். “துடைச்சு வச்ச மாதிரி இல்ல சார். துடைச்சே வச்சது. நான்தான்.”

ஸ்டீல் கல்லின் மேலிருந்த கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“விடியறதுக்கு முன்னால இந்த ரூமைக் கூட்ட வருவேன். ராத்திரி பூரா அவங்க பங்கை அவங்க எடுத்துக்கிட்டாங்க. மீந்தது வீட்டுப் பிள்ளைங்களுக்குத்தானே சார், அதானே முறை? இந்தப் பள்ளிக்கூடத்துல அந்த நேரத்துக்குப் பிள்ளைன்னு இருந்தது இவ ஒருத்திதான். தூக்கக் கலக்கத்துல மூலையில உட்கார்ந்திருப்பா. ஊட்டிவிட்டேன்.”

“ரம்மு?” என்றார் ஸ்டீல்.

“பிள்ளைக்கா சார் கொடுப்பேன்?”

வெர்லினுக்குச் சிரிப்பு பீறிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் அவளுக்கு அடக்கத் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தடவை வாய்க்கும் அந்தக் காலை விருந்து நினைவுக்கு வந்தது. ஆறிய குழம்பு, எண்ணெய் மினுங்கும் ஈரப்பலாத் துண்டு. ‘விழாவுல மிஞ்சினது’ என்று அம்மா சொல்வாள். விழா அன்றைக்குத்தானே, அதற்கு முன்னாலேயே எப்படி மிஞ்சியது என்று இத்தனை காலம் தான் கேட்காமல் போனதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. வரலாற்றுப் பட்டதாரியாம்.

“இதுக்குத்தான் கல்லைக் கேக்காதன்னியா?”

“கல்லு போனா தட்டும் போயிடும். தட்டு விஷயம் வெளிய வந்தா என் வேலை போயிடும். வேற என்னத்துக்குச் சொல்வேன்?”

வெர்லின் சிரிப்பைத் துடைத்துக்கொண்டு ஸ்டீலின் பக்கம் திரும்பினாள்.

“சார், செத்தவங்க தட்டைக் காலையில யார் சாப்பிடுவா?”

“குடும்பத்துப் பிள்ளைங்க.”

“வேற யாராவது தொடலாமா?”

“தொடக் கூடாது. தொட்டா வயிறு ஊதிடும்.”

“என் வயிறு ஊதல. தட்டு வச்சது நீங்க, சாப்பிட்டு வளர்ந்தது நான். இப்ப சொல்லுங்க, அவங்களுக்கு நான் யாரு?”

ஸ்டீல் சொன்ன முறை அவர் எதிரிலேயே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தது.

“அப்ப எனக்கு ஒரு சந்தேகம்,” என்றார். சுங்க அதிகாரிக் குரல் போய்விட்டிருந்தது. “சாப்பாடு ஒழுங்கா போய்ச் சேந்திருக்குன்னா, அவங்க ஏன் இன்னும் என் கனவுல வர்றாங்க?”

“வந்து சோறா கேக்கறாங்க?”

“இல்ல. பதிமூணாம் வாய்ப்பாடு. எட்டுல வந்து நின்னுடுவேன். கையை நீட்டும்பாங்க.”

“நூத்தி நாலு.”

“முழிச்சப்புறம் எனக்கும் தெரியும்.”

இனெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“சிரிக்காதீங்க மிஸ் இனெஸ். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. ரம்மைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்ல.” ஸ்டீல் நியமனக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஆனா வெர்லின், கல்லு இந்த ரூமை விட்டுப் போச்சுன்னா இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. குழு என்னைப் பிச்சுத் தின்னுடும். யோசிச்சு, நாளைக்குச் சொல்லு.”

வெர்லின் தேநீர்க் குடுவையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். சர்க்கரைக் கிண்ணத்தையும் பிஸ்கட் டப்பாவையும் அம்மாவிடம் கொடுத்தாள். லேஸ் விரிப்பை நாலாக மடித்து அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தாள். கல்லில் எழுத்துகள் ஆழமாக, நல்ல கையால் செதுக்கப்பட்டிருந்தன. ‘தொடங்கியவர்’ என்ற சொல்லின்மேல் கோப்பை அடியின் வட்டக் கறை. அம்மாவின் இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, கறை போகும்வரை தேய்த்தாள்.

பிறகு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“எங்கடி போற?” என்றாள் இனெஸ்.

“படகுப் பட்டறைக்கு. கயிறும் உருட்டுக் கட்டையும் கேக்கணும். கப்பலையே இழுத்துக் கடல்ல விடறவங்க, ஒரு கல்லை இழுக்க மாட்டாங்களா?”

“நாளைக்குத்தானே சொல்லச் சொன்னேன்,” என்றார் ஸ்டீல், குடுவையைக் கையில் ஏந்தியபடி. அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

அம்மா துடைத்திருந்த ஈரத் தரையில் வெர்லினின் செருப்புத் தடம் வாசல்வரை பதிந்துகொண்டே போனது. பின்னாலிருந்து இனெஸின் குரல் கேட்டது. அவளைக் கூப்பிடவில்லை. “சார், உங்க கொட்டில்ல அந்தக் கறுப்புக் கிடா இன்னும் நிக்குதா?”

என்ன பதில் வந்தது என்று வெர்லினுக்குக் கேட்கவில்லை. அதற்குள் அவள் நீலப் பெயிண்ட் எழுத்துகளைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டாள்.