தாண்டாத ஒருத்தி

கோயில் வாசற்படியில் கொழுந்தன் தியெப் குறுக்கே படுத்துக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும், கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள் லுவா. காறித் துப்பத்தான் ஓடினாள். துப்பியும் விட்டாள். அப்படியும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

எப்படி அடங்கும்? மதத்துக்குத் தடை இருந்த நாளில் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சிறைவாசலில் மரச்சிலுவையைக் கிடத்தி, தாண்டுகிறவன் மதத்தை விட்டவன், வீட்டுக்குப் போகலாம் என்றார் அதிகாரி. லுவாவின் புருஷன் லியெமைச் சிப்பாய்கள் தூக்கித் தாண்டவைக்கப் பார்த்தார்கள். அந்த மனுஷன் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, அந்தப் பக்கம் தரையில் ஊன்றவே மாட்டேன் என்றுவிட்டார். கழுத்தில் கயிற்றைப் போட்டு இறுக்கினார்கள். இந்தத் தியெப்போ தன் காலாலேயே நடந்து தாண்டினான். அண்ணன் பிணம் வந்தபோது வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பிறகு லுவாவையும் இழுத்துப் போனார்கள். தாண்டாத அவள் கன்னத்தில் ‘பொய்மதம்’ என்று எழுத்துச்சூடு போட்டார்கள். அவன் கன்னம் மட்டும் உரித்த வாத்துமுட்டை மாதிரி வழவழவென்று இருந்தது.

இப்போது ராஜா தடையை எடுத்துவிட்டார். கே மாவ் ஊரில் மூங்கிலால் புதுக்கோயில் எழும்பிவிட்டது. சிலுவையைத் தாண்டினவன் திரும்பி வந்தால், பூசை நேரத்தில் வாசற்படியில் படுக்க வேண்டும், எல்லா வீட்டுக்காரர்களும் அவனைத் தாண்டி உள்ளே போக வேண்டும் என்பது ஊர் வழக்கம். கடைசி வீடும் தாண்டிவிட்டால் மன்னிப்புக் கிடைத்ததாக அர்த்தம். அவன் எழுந்து விசுவாசப் பிரமாணத்தை உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போகலாம். ஊரே தாண்டியாகிவிட்டது. லுவா மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் பக்கத்துச் சந்து வழியாக நுழைந்தாள். அவனை நெஞ்சிலேயே மிதிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் மிதித்தாலும் தாண்டினதாக ஆகிவிடுமே.

“இன்னும் எத்தனை நாளைக்கும்மா? ஆண்டவரே மன்னிச்சுட்டாரு” என்றார் கோயில் மூப்பர்.

“ஆண்டவருக்கென்ன, புருஷனா செத்தான்?”

“மகன் செத்தாரேம்மா.”

“அவரு மூணாம் நாளே எந்திரிச்சுட்டாரு. எம் புருஷன் எந்திரிச்சாரா?”

மூப்பர் பூசைமணி அடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரச் சந்தையன்று படகுத்துறையில் ஒரே கூட்டம். தடை நீங்கியது பிடிக்காத, பழைய சாஸ்திரம் படித்து அரசாங்கப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் தடியோடு வந்து நின்றார்கள். “யேசு கூட்டத்து ஆளுங்க யாருடா இங்க?”

கறுப்புத் தலைத்துணியால் கன்னத்தை மறைத்திருந்த லுவா, வாத்துக்கூடையோடு தலைகுனிந்து நின்ற தியெப்பைப் பார்த்தாள். மாட்டிக்கொண்டாயா, இன்னொரு தரம் மறுதலி, ஊர் முழுக்கச் சொல்கிறேன், அப்புறம் செத்தாலும் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டாய் என்று உள்ளுக்குள் கறுவினாள்.

“வாத்துக்கூடை வச்சிருக்கானே, அவனைக் கேளுங்க” என்றாள்.

தியெப் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “ஆமாங்க, நான் கிறிஸ்தவன்தான்.”

“கன்னத்துல சூட்டைக் காணோமே?”

“அப்ப பயந்து தாண்டிட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா கிறிஸ்தவன்தான்.”

படகுக்குப் போகிற வழியில் தடியால் சேற்றில் சிலுவை கீறித் தாண்டச் சொன்னார்கள். அவன் அதன் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அடி விழுந்தது. முகம் ரத்தமாகிற வரை அடித்துவிட்டு, ஒருத்தன் லுவா பக்கம் திரும்பினான். “உனக்கெப்படித் தெரியும்? நீயும் அந்தக் கூட்டமா?” அவன் கை தலைத்துணிப் பக்கம் நீண்டது.

“ஐயையோ, நான் இல்லைங்க. அவன் யாருன்னே எனக்குத் தெரியாது.”

“ஏண்டா, இவளைத் தெரியுமா?”

“தெரியாதுங்க” என்றான் தியெப், வாயில் வந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு.

“அப்ப நீ தாண்டிப் போம்மா.”

லுவா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிலுவையைத் தாண்டிப் படகில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. அடி வாங்கினவன் அவன், எரிந்தது இவளுக்கு. ‘அண்ணி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் அடிபட்டுச் செத்திருப்பாள். அவனைத் திட்டிக்கொண்டே நிம்மதியாகச் செத்திருக்கலாம். அதற்குக்கூட வழியில்லாமல் செய்துவிட்டானே படுபாவி.

ஞாயிறன்று வீங்கின கண்ணோடு வாசற்படியில் கிடந்தான் தியெப். லுவா தலைத்துணி இல்லாமல், சூட்டுக் கன்னம் தெரிய வந்தாள்.

“அண்ணி, நீங்க சந்து வழியாவே போங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

லுவா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்களைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “ஆத்தங்கரையில இவனைக் காட்டிக் கொடுத்தது நான்தான். நான் கிறிஸ்தவச்சி இல்லைன்னு சொன்னேன். சிலுவையையும் தாண்டினேன்.”

சாமியார் பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“எந்திரிடா” என்றாள் தியெப்பிடம். குரலில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. “எனக்குப் படுக்க இடம் வேணும்.”

அவன் எழுந்தான். அவள் படுத்தாள். அவனுக்குக் கால் வரவில்லை, நின்று அழுதுகொண்டிருந்தான்.

“தாண்டுடா பாவி” என்றாள் லுவா, கண்ணை மூடிக்கொண்டு. “முதல்ல நீதான் தாண்டணும்.”